கரண்ட் போகிற ஊரில் எந்த எஸ்எஸ்டி?

2024ஆம் ஆண்டு ஆடி மாதம், சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கரண்ட் போனது, வந்தது, திரும்பப் போனது, திரும்ப வந்தது. இலங்கையின் வடக்கில் எங்கள் மாங்குளத்தில் இது புதினம் இல்லை. எங்கேயோ ஒரு மரக்கிளை வயரில் உரசியிருக்கும். புதினம் என்னவென்றால், மூன்றாம் முறை கொம்பியூட்டரைப் போட்டபோது பெட்டிக்குள் ஹாட் டிஸ்கில் கேட்ட சத்தம். கடக், கடக், கடக். கொஞ்சம் ஓய்வு. மறுபடியும் கடக், கடக், கடக். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: துவங்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லையாம்.

எனக்குச் சின்னதாக ஒரு கொம்யூனிகேஷன் கடை. ஃபோட்டோக்கொப்பி, ரைப்பிங், பாஸ்போட் சைஸ் படம், உயர்தரம் எடுத்த பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பம். அப்புறம் கல்வெட்டு. தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் கோயில் சுவரை நினைக்க வேண்டாம். எங்களுக்குக் கல்வெட்டு என்றால், ஒருவர் காலமாகி 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், படங்கள், கடைசியில் நன்றி நவிலல். அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் 24 பக்கத்தில் ஒரு கல்வெட்டு முடிந்த நிலையில் இருந்தது. அந்தியேட்டிக்கு ஒன்பது நாள்.

நான் பெரிதாகப் பயப்படவில்லை. ஏனென்றால் இன்னொரு கொப்பி வைத்திருந்தேன். போனில் பார்த்து, வீட்டுக்கு வந்து இறங்கிய, உள்ளங்கை அளவில் கறுப்பான ஒரு யூஎஸ்பி எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி என்றால், ஹாட் டிஸ்க் மாதிரிச் சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் கோப்புகளைச் சேமிக்கிற சாமான். 2 டெராபைட், அதாவது 2,000 ஜிபி, என்று மூடியில் அடித்திருந்தது. விலையைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். 2 டெராபைட் அந்த விலைக்கு வராது. ஆனால் மலிவாகக் கிடைக்கிறபோது மூளை வேறு பக்கம் பார்க்கும்.

அக்காவின் மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். அவனுடைய லப்டொப்பில் அதைக் குத்திப் பார்த்தோம். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றன. கல்வெட்டைத் திறந்தால் திறக்கவில்லை. ஸ்கான் பண்ணித் துப்புரவாக்கிய படத்தைத் திறந்தால் மேல் பாதி காலமான ஐயாவின் நெற்றி, கீழ் பாதி சாம்பல் நிறம்.

அக்கா மகன் எழுதிப் பார்த்து வாசித்துச் சோதிக்கிற ஒரு மென்பொருளை ஓட விட்டான். இரவு முழுக்க ஓடியது. காலமை வந்த பதில்: உள்ளே உண்மையாக இருப்பது 64 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சமெல்லாம் பொய். அந்தக் கறுப்புச் சாமான் கொம்பியூட்டரிடம் "நான் 2 டெராபைட்" என்று சொல்லிக்கொள்ளும். 64 நிரம்பியதும், வருகிறதையெல்லாம் வாங்கி முன்னுக்கு இருந்ததன் மேலேயே எழுதிவிடும். பெயர்ப் பட்டியல் மட்டும் அழியாமல் நிற்கும். ஆணியை நெம்பித் திறந்தோம். ஒரு சின்னப் பச்சைப் பலகை, அதில் பசை போட்டு ஒட்டிய ஒரு மெமரி கார்ட், பாரம் காட்டுவதற்கு ஒரு இரும்புத் தகடு. அவ்வளவுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான், "சித்தி, தகடு நல்ல தகடு" என்றான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதற்குப் பிறகு எஸ்எஸ்டி பற்றி நான் படித்தது, கேட்டது, தெண்டம் கட்டியது எல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடைக்கு வருகிற பத்துப் பேரில் நாலு பேர் "அக்கா, எந்த எஸ்எஸ்டி நல்லது?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "உங்கட மெசினுக்குள்ள என்ன இடம் இருக்கு?" என்றுதான்.

அக்கா மகன் எனக்குச் சொன்னதும் அதுதான். "முதல்ல மூடியைக் கழட்டுங்கோ. பிறகு கடைக்குப் போகலாம்." என்னுடையது நாலாம் தலைமுறை ஐ5 போட்ட பாவித்த மெசின், மதர்போட்டில் ஹெச்81 சிப்செட். மூடியைத் திறந்தால் முதலில் கிரவல் தூசு. சிவப்பு மா மாதிரிப் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷால் தட்டித் துடைத்த பிறகுதான் மதர்போட்டே தெரிந்தது. எம்.2 ஸ்லொட், அதாவது பலகை மாதிரியான எஸ்எஸ்டியை நேரே குத்துகிற இடம், இல்லை. ஹாட் டிஸ்கையும் எஸ்எஸ்டியையும் வயரில் இணைக்கிற சாட்டா இடம் நாலு. அந்த நாலிலும் ஒரு சூட்சுமம்: இரண்டு 6 கிகாபிட் வேகம், இரண்டு 3 கிகாபிட் வேகம். பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் அடித்திருக்கும். டோர்ச் அடித்துத்தான் வாசிக்க வேண்டும். பழைய ஹாட் டிஸ்க் 3 கிகாபிட் இடத்தில்தான் இவ்வளவு காலமும் தொங்கியிருக்கிறது. அதற்கு அதுவே கூட. ஆனால் எஸ்எஸ்டியை அங்கே குத்தினால் வேகம் பாதியாகிவிடும்.

ஆகவே எனக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. தெரிவு செய்ய வேறொன்றும் இல்லை. சாட்டாவில் எவ்வளவு விலை கொடுத்தாலும் செக்கனுக்கு 550 மெகாபைட்டுக்கு மேல் போகாது, வாய்க்கால் அவ்வளவுதான். எம்.2 ஸ்லொட்டில் என்விஎம்இ என்கிற வேகமான வகை எஸ்எஸ்டி போடக்கூடிய மெசின் என்றால் கதை வேறு: அதன் வாய்க்காலுக்கு பிசிஐஇ என்று பெயர், அது மூன்றாம் தலைமுறை என்றால் 3,500 வரை, நாலாம் தலைமுறை என்றால் 7,000 வரை. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது இந்த இலக்கத்தைத்தான். பெரிய படங்களைக் கொப்பி பண்ணுகிறபோது அது தெரியும். விண்டோஸ் துவங்குவதற்கும், வேர்ட் திறப்பதற்கும், பிள்ளைகளின் விண்ணப்பப் பக்கம் வருவதற்கும் 550க்கும் 7,000க்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்கூடு வைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்கலாம்.

ஹாட் டிஸ்கில் இருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய பாய்ச்சல். நிமிடத்துக்கு 7,200 தரம் சுற்றுகிற தட்டு ஒரு சுற்றை முடிக்க 8 மில்லி செக்கனுக்கு மேல் எடுக்கும். அதற்கு மேல் ஊசி சரியான வட்டத்துக்கு நகர வேண்டும். விண்டோஸ் துவங்குகிறபோது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இந்த நடை. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் ஒன்றும் இல்லை. என் மெசின் முன்பு துவங்கி வேலைக்கு வர மூன்றரை நிமிடம் எடுத்தது. நான் அதற்குள் கடை வாசலைக் கூட்டி முடிப்பேன். இப்போது 22 செக்கன். வாசல் கூட்டுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதாய்ப் போய்விட்டது.

எம்.2 ஸ்லொட் இருக்கிறதே என்று ஓடிப்போய் வாங்குவதிலும் ஆபத்து இருக்கிறது. மல்லாவிப் பக்கம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் லப்டொப்புக்கு என்விஎம்இ ஒன்று வாங்கிக்கொண்டு வந்தா. 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம், சுவிங்கம் துண்டு மாதிரி. ஸ்லொட்டில் அச்சொட்டாக இறங்கியது. ஆணியும் பூட்டினேன். மெசின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த லப்டொப்பின் எம்.2 ஸ்லொட் சாட்டா மட்டும் பேசும் ஸ்லொட். உருவம் ஒன்று, பாஷை வேறு. எம்.2 என்பது பலகையின் வடிவத்துக்குப் பெயர், வேகத்துக்குப் பெயர் இல்லை. பெரும்பாலும் என்விஎம்இ பலகையின் பல்லில் ஒரு வெட்டு இருக்கும், சாட்டா எம்.2 பலகையில் இரண்டு வெட்டு. அதைப் பார்த்துப் பலகை எந்த வகை என்று சொல்லலாம். ஸ்லொட் எந்த வகை என்பதை மொடல் இலக்கத்தை வைத்துத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். ரீச்சருக்கு யூஎஸ்பி கூடு ஒன்று வாங்கி, அதற்குள் என்விஎம்இயைப் போட்டுக் கொடுத்தேன். லப்டொப்புக்கு வேறொன்று வாங்கினோம். இரட்டைச் செலவு.

அடுத்தது சிப் வகை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், கடைக்காரர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

எஸ்எஸ்டிக்குள் இருப்பது நான்ட் ஃப்ளாஷ். தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா என்பவரின் குழு 1987இல் உலகத்துக்குக் காட்டிய சாமான். அதில் கோடிக்கணக்கான அறைகள். ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் மின்னேற்றம் அடைபட்டு நிற்கும். எவ்வளவு நிற்கிறது என்று அளந்துதான் தரவை வாசிக்கிறது. எங்கள் குளத்துக் கட்டில் நட்டிருக்கிற அடி அளவுப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் ஒரே ஒரு கோடு, தண்ணீர் அதற்கு மேலா கீழா என்றால் தூரத்திலிருந்தே சொல்லலாம். அது எஸ்எல்சி, ஒரு அறையில் ஒரு பிட். டிஎல்சியில் ஒரு அறைக்கு மூன்று பிட், எட்டு மட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும். கியூஎல்சியில் நாலு பிட், பதினாறு மட்டம். அதே பலகை, அதே உயரம், ஆனால் கோடுகள் நெருங்கிவிட்டன. எழுதும்போது மெல்ல மெல்ல அளந்து ஊற்ற வேண்டும், வாசிக்கும்போது கவனமாகப் பார்க்க வேண்டும், அறையும் கெதியில் தேய்ந்துபோகும். அதனால்தான் கியூஎல்சி மலிவு.

இந்த மெத்தனத்தை மறைக்க ஒரு வேலை செய்வார்கள். கொஞ்ச இடத்தை எஸ்எல்சி மாதிரிப் பாவித்து, வருகிறதை முதலில் அதில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஆறுதலாக உள்ளே மாற்றும். உழவு மெசினில் வந்த நெல் மூடைகளை முதலில் விறாந்தையில் இறக்கிவிட்டு, பின்னேரம் அறைக்குள் அடுக்குவது போல. விறாந்தை நிரம்பிவிட்டால் அடுத்த உழவு மெசின் வாசலில் நிற்க வேண்டியதுதான். சாம்சங் 870 கியூவிஓ என்கிற சாட்டா எஸ்எஸ்டிக்கு அந்த நிறுவனமே இதை எழுதிக் கொடுக்கிறது: 1 டெராபைட் மொடலில் விறாந்தை 42 ஜிபி வரை, அது நிரம்பினால் எழுதும் வேகம் செக்கனுக்கு 80 மெகாபைட். அது ஹாட் டிஸ்கின் வேகத்தை விடக் குறைவு. ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான். எழுதாதவர்கள் எத்தனை பேர்.

எனக்கு இது முக்கியமா? ரைப்பிங் கடைக்கு முக்கியமில்லை, ஒரு நாளில் 42 ஜிபி நான் எழுதுவதே இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் இரவிரவாக வீடியோ எடுத்துக்கொண்டு வந்து ஒரேயடியாக 200 ஜிபி இறக்குகிற ஸ்ரூடியோக்காரத் தம்பிக்கு மிக முக்கியம். அவனுக்கு டிஎல்சிதான் எடுக்கச் சொன்னேன். நானும் டிஎல்சிதான் எடுத்தேன், அது என் பயம்.

டிராம் என்கிற தற்காலிக மெமரிச் சிப் இருக்கிறதா இல்லையா என்பதும் அதே மாதிரி. எந்தத் தரவு எந்த அறையில் இருக்கிறது என்கிற வரைபடத்தை எஸ்எஸ்டி கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். டிராம் சிப் உள்ளே இருந்தால் அதில் வைக்கும். டிராம் இல்லாத என்விஎம்இ கொம்பியூட்டரின் ராமில் கொஞ்சத்தைக் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டாவுக்கு அந்தக் கடன் வசதி இல்லை. ஆகவே சாட்டா வாங்குகிறவர்கள் டிராம் உள்ளதைத் தேடினால் நல்லது, என்விஎம்இ வாங்குகிறவர்கள் அதற்காக நித்திரை முழிக்கத் தேவையில்லை.

ஆயுளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். "எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயுமாமே?" தேயும். எவ்வளவு எழுதும் வரை உத்தரவாதம் என்று டிபிடபிள்யூ என்ற பெயரில் டெராபைட் கணக்கில் போட்டிருப்பார்கள். சாம்சங் 870 ஈவிஓ 500 ஜிபிக்கு 300, ஐந்து வருடம். கிங்ஸ்டன் ஏ400 480 ஜிபிக்கு 160, மூன்று வருடம். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. நான் 11 மாதத்துக்குப் பிறகு என்னுடையதில் பார்த்தேன்: மொத்தம் எழுதியது 4.1 டெராபைட். இந்தக் கணக்கில் 300ஐ முடிக்க எனக்கு 67 வருடம் வேண்டும். அதற்கு முதல் நான் தேய்ந்துவிடுவேன். உண்மையில் எஸ்எஸ்டி தேய்ந்து சாவது எங்கள் மாதிரி ஆட்களிடம் அபூர்வம். சாவது திடீரென்று. சத்தமில்லாமல். ஹாட் டிஸ்காவது கடக் கடக் என்று சொல்லிவிட்டுப் போகும்.

அந்தத் திடீர்ச் சாவுக்கு எங்கள் ஊரில் ஒரு காரணம் கரண்ட். நான் முன்பு சொன்ன வரைபடத்தை எஸ்எஸ்டி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மின் நின்றால், வரைபடம் அரைகுறையாகப் போகலாம். மோசமான நேரமென்றால் மறுபடி போடும்போது மெசின் எஸ்எஸ்டியையே காணாது. பெரிய சேர்வர்களுக்கு விற்பவற்றில் மின் நின்ற பிறகும் எழுதி முடிக்கிற அளவுக்கு மின்னைத் தேக்கி வைக்கிற கப்பாசிற்றர்கள் வரிசையாக இருக்கும். நாங்கள் வாங்குகிற விலையில் அது வராது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில்கூட ஒரு வசதி இருந்தது, எப்போது வெட்டுவார்கள் என்று அட்டவணை போட்டார்கள். சோளகத்துக்கு ஏது அட்டவணை?

அதனால் நான் செய்தது இதுதான். நல்ல டிஎல்சி சாட்டா 500 ஜிபி ஒன்று. 1 டெராபைட்டுக்கு என்று மனதுக்குள் ஒதுக்கியிருந்த மிச்சக் காசில், மூலையில் செத்துக் கிடந்த 650 விஏ யூபிஎஸ்ஸுக்குப் புது பற்றரி, 12 வோல்ட் 7 அம்பியர் மணி. எஸ்எஸ்டிக்கு எவ்வளவு யோசித்தோமோ அதே அளவு இந்தப் பற்றரிக்கும் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடு முழுக்க இருட்டானதே, அன்றைக்கு நான் கடையில் ஒரு விண்ணப்பத்துக்குப் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் கீச் கீச் என்று கத்த, சேமித்து, மூடி, மெசினை ஒழுங்காக நிறுத்திவிட்டு, கதிரையை வாசலில் போட்டு இருந்தேன்.

வாங்குவதற்கு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். கிளிநொச்சியிலும் எடுக்கலாம், போற வழியில் முறிகண்டியில் கச்சானும் வாங்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த கடை வவுனியாவில். கடையில் மூன்று விஷயம் பார்த்தேன். பெட்டி உடைக்காததா. உத்தரவாதம் கடைக்காரர் எழுதித் தருகிறதா அல்லது இறக்குமதி செய்கிற முகவருடையதா, கடை மூடிவிட்டால் யாரிடம் போவது. பெட்டியின் தொடர் இலக்கம் உள்ளே இருக்கிறதிலும் அதேதானா. இந்த மூன்றாவதைக் கேட்டபோது பொடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். விலைகளை இங்கே எழுதவில்லை, நீங்கள் வாசிக்கிற நேரம் மாறியிருக்கும்.

பூட்டுவது பத்து நிமிட வேலை. பெரிய ஹாட் டிஸ்க் இருந்த தட்டில் இந்தச் சின்னது ஆடும். அதற்கென்று தகடு விற்கிறார்கள். நான் படம் ஃபிரேம் பண்ணப் பாவிக்கிற இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். உள்ளே அசைகிறது ஒன்றும் இல்லாததால் பிரச்சினை இல்லை. 500 ஜிபி வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டும். உற்பத்தி செய்கிறவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. இதுக்குச் சண்டைக்குப் போக வேண்டாம். சண்டை பிடிக்க வேண்டியது 2 டெராபைட் என்று 64 ஜிபி விற்கிறவனோடு, அவன் அகப்பட மாட்டான்.

இன்னும் ஒன்று. என் மெசின் மாதிரிப் பழையவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி அதைத் தீர்க்காது. ஆனால் நாளைக்கு வேறு மெசின் எடுத்தால் சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் போடலாம் என்பதால் காசு வீணில்லை.

பழைய படங்களை எஸ்எஸ்டியில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைக்க நினைக்கிறவர்களுக்கு: வேண்டாம். மின் கொடுக்காமல் வைத்தால் அறைகளில் இருக்கிற மின்னேற்றம் மெல்லக் கசியும். தரநிர்ணயத்தில் சொல்லியிருப்பது, உத்தரவாத அளவு முழுக்க எழுதித் தேய்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி 30 பாகை வெப்பத்தில் ஒரு வருடம் தரவைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று. புதிதென்றால் இன்னும் நெடுநாள் பிடிக்கும், சரி. ஆனால் சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழ் என் அலுமாரி 30 பாகையிலா நிற்கிறது? அதோடு எஸ்எஸ்டியில் அழித்தது பெரும்பாலும் போனதுதான், விண்டோஸ் பின்னணியில் அந்த அறைகளைத் துடைக்கச் சொல்லிவிடும். நான் பழைய மெசின் ஒன்றில் இருந்து கழற்றிய 1 டெராபைட் ஹாட் டிஸ்கை ஒரு கூட்டில் போட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் கொப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். கல்வெட்டுகள் மட்டும் இணையச் சேமிப்பிலும் ஒரு பிரதி.

கல்வெட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இடம்பெயர்ந்து திரிந்த காலம் முழுக்கச் சொப்பிங் பையில் சுற்றி அந்த வீட்டு அம்மா கொண்டு திரிந்த, ஐயாவின் ஒரே படம் அது, அடையாள அட்டைக்கு எடுத்தது. நல்ல வேளை, மூலப்படத்தை ஸ்கான் எடுத்த அன்றே திருப்பிக் கொடுத்திருந்தேன். மறுபடி வாங்கிக்கொண்டு வந்து, அக்கா மகனின் லப்டொப்பில் நாலு இரவு இருந்து, 24 பக்கத்தையும் முதலில் இருந்து அடித்தேன். வம்சாவளிப் பக்கத்தில் முதல் தரம் விட்டுப்போன ஒரு பேரப்பிள்ளையின் பெயரும் இந்த முறை சேர்ந்தது. காசு வாங்கவில்லை.

அந்த இரும்புத் தகடு இப்போது என் மேசையில், ஃபோட்டோக்கொப்பித் தாள் ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.